செம்பூராங்கல்லும் வெயிலும் கழிவுநீரில் உள்ள மருந்து எச்சத்தை நீக்குமா?

கேள்வி சுருக்கமாக இது: கோத்தகிரி அருகே 20 பேர் தங்கியிருக்கும் ஒரு முதியோர் இல்லம். செப்டிக் டேங்கிலிருந்து வழியும் நீர் தேயிலைச் சரிவில் இறங்கி ஓடையில் கலக்கிறது. அங்கிருப்பவர்கள் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக் மாத்திரையும் ஜெல்லும், வலிப்புக்கு கார்பமசெபின், அவ்வப்போது சிப்ரோஃப்ளாக்சசின் எடுக்கிறார்கள். சாலை வெட்டிய இடத்தில் கிடைக்கும் செம்பூராங்கல்லை (லேட்டரைட்) உடைத்துத் தொட்டியில் பரப்பி, அதன்மேல் நீரை வெயிலில் நிறுத்தினால் மருந்து போய்விடுமா? இந்த நீரால் மாயாற்றுப் பாறு கழுகுகளுக்கு ஆபத்து உண்டா?

கழுகை முதலில் முடித்துவிடுவோம். பாறு கழுகுகள் செத்தது தண்ணீர் குடித்து அல்ல. டைக்ளோஃபெனாக் ஊசி போட்ட மாடு செத்து, அந்தச் சடலத்தைத் தின்றதால் சிறுநீரகம் கெட்டுச் செத்தன. அதனால்தான் கால்நடைகளுக்கு அந்த மருந்து 2006-இல் தடை செய்யப்பட்டது; மனிதர்களுக்கான ஊசிக் குப்பியும் 2015-இல் 3 மில்லி அளவுக்குக் குறைக்கப்பட்டது. கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் ஆகிய இரண்டும் கால்நடை உபயோகத்துக்கு 2023-இல் தடையாயின. உங்கள் ஓடைநீரில் கவலைப்பட வேண்டியது மீனைப் பற்றி. அவலாஞ்சியில் வளர்க்கிறார்களே, அதே ரெயின்போ டிரவுட் மீனை லிட்டருக்கு 5 மைக்ரோகிராம் டைக்ளோஃபெனாக் உள்ள நீரில் 28 நாள் வைத்தபோது சிறுநீரகத்திலும் செவுளிலும் பாதிப்பு தெரிந்தது.

இனி கல்லும் வெயிலும். உங்கள் பட்டியலில் உள்ள நான்கு மருந்துக்கும் பதில் வெவ்வேறு. டைக்ளோஃபெனாக்கும் சிப்ரோஃப்ளாக்சசினும் வெயிலிலேயே உடையும், கல் தேவையில்லை. தெளிந்த நீரில், ஆழம் குறைவாக இருந்தால், உச்சி வெயிலில் டைக்ளோஃபெனாக் சில மணி நேரத்துக்குள் பாதிக்கும் கீழே போய்விடும். கார்பமசெபினைக் கல்லும் பிடிக்காது, வெறும் வெயிலும் லேசில் உடைக்காது. திறந்த நீரில் அது வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும். மெட்ஃபார்மினுக்கு வெயில் ஒரு பொருட்டே இல்லை, அதைத் தின்பது மண்ணிலும் சரளைப் படுகையிலும் வாழும் நுண்ணுயிரிகள். செம்பூராங்கல்லை மட்டும் போட்டுவிட்டு நீரில் மருந்து குறைந்திருப்பதைப் பார்த்தால், பெரும்பகுதி கல்லில் ஒட்டியிருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஒட்டியது அடுத்த மழையில் கழன்று வரும். இந்தத் துறையில் வரும் பல நம்பிக்கையான முடிவுகள் சறுக்குவதும் இங்கேதான்.

கல் ஏன் தானே அழிப்பதில்லை? நீலகிரியின் பாறை சார்னோக்கைட். அது மழையில் மக்கி உருவான செம்மண்ணிலும் செம்பூராங்கல்லிலும் இருப்பவை ஹெமடைட், கோதைட் என்ற இரும்புத் தாதுக்கள், அலுமினியம் உள்ள கிப்சைட், கயோலின் களிமண். ஹெமடைட்டின் ஆற்றல் இடைவெளி சுமார் 2.1 எலக்ட்ரான் வோல்ட். அதாவது கண்ணுக்குத் தெரியும் ஒளியையே வாங்கிக்கொள்ளும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒளி பட்டதும் பிரியும் மின்னேற்றங்கள் சில நானோமீட்டர் தூரம்கூட நகராமல் மறுபடி சேர்ந்துவிடுகின்றன. மேற்பரப்புக்கு வந்து வேலை செய்பவை சொற்பம். ஒளியால் மருந்தை உடைக்க ஆய்வகங்களில் பயன்படுத்தும் டைட்டானியம் டை ஆக்சைடு இதற்கு நேர்மாறு: மின்னேற்றங்கள் தாக்குப்பிடிக்கும், ஆனால் அனடேஸ் வகை 388 நானோமீட்டருக்குக் கீழே உள்ள புற ஊதா ஒளியை மட்டுமே வாங்கும். சூரிய ஒளியில் அந்தப் பங்கு 5 சதவீதத்தைத் தாண்டாது.

டைட்டானியம் என்றதும் பெயின்ட் கடை வெள்ளைப் பொடி நினைவுக்கு வரும். அதை வாங்க வேண்டாம். பெயின்ட் வெயிலில் பொடிந்து உதிராமல் இருக்க, அந்தத் துகளின் மேல் சிலிக்கா, அலுமினா பூசி, ஒளியில் வினைபுரியும் குணத்தைத் திட்டமிட்டு அடக்கியிருப்பார்கள். ஆய்வகத்து நானோ பொடி நன்றாக வேலை செய்யும், ஆனால் 20 நானோமீட்டர் துகளை மணல் வடிகட்டி பிடிக்காது. மருந்துக்குப் பதில் பொடி ஓடைக்குப் போகும். மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கறுப்பு மணலில் டைட்டானியம் தாதுவான இல்மனைட் உண்டுதான். அதோடு தோரியம் உள்ள மோனசைட்டும் கலந்திருக்கும். அணுக் கனிமங்களுக்கான விதிகளுக்குள் வரும் மணல் அது, கொண்டுவரும் யோசனையே வேண்டாம்.

கல்லில் எது ஒட்டும் என்பதைத் தீர்மானிப்பது மின்னேற்றம். இரும்புத் தாதுவின் மேற்பரப்பு, நீரின் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண்) 6 அளவில் இருக்கும்போது நேர்மின்னேற்றம் கொண்டது. டைக்ளோஃபெனாக்கும், இன்னொரு வலி மருந்தான இபுப்ரோஃபெனும் அந்த நீரில் எதிர்மின்னேற்றத்தோடு இருப்பதால் போய் ஒட்டும். சிப்ரோஃப்ளாக்சசின் இரும்பை இடுக்கிபோல் பற்றும்; அது எல்லாவற்றிலும் ஒட்டும். கார்பமசெபினுக்கு மின்னேற்றமே இல்லை, எனவே ஒட்டாது. மெட்ஃபார்மின் நேர்மின்னேற்றம் கொண்டது, இரும்பு அதைத் தள்ளிவிடும். அதற்குப் பெண்டோனைட் போன்ற களிமண் பொருந்தும்: நம் மலைக் கயோலினின் நேர்மின் அயனிப் பரிமாற்றத் திறன் 100 கிராமுக்கு 3 முதல் 15 மில்லி ஈக்விவலன்ட், பெண்டோனைட்டில் அது 80-க்கு மேல். எலக்ட்ரிக்கல் கடையில் எர்த்திங் குழிக்கு விற்கும் பொடியில் உப்பும் கரியும் கலந்திருப்பதுண்டு. கலப்பில்லாத பெண்டோனைட் என்று கேட்டு வாங்க வேண்டும்.

இதையெல்லாம் கெடுப்பது பாஸ்பேட். செப்டிக் நீரில் சிறுநீரிலிருந்தும் சோப்புத்தூளிலிருந்தும் வந்த பாஸ்பேட் நிறைய. இரும்பின் மேற்பரப்பில் இடம்பிடிக்க அதோடு டைக்ளோஃபெனாக் போட்டி போட முடியாது. காய்ச்சி வடித்த நீரில் மருந்தைக் கரைத்துச் செய்த சோதனையில் 90 சதவீதம் பிடித்த கல், செப்டிக் நீரில் கைவிட்டுவிடுவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

ஆகவே சோதித்துப் பார்த்துவிட்டுத் தொட்டி கட்டுங்கள். கல்லை உங்கள் இடத்திலேயே, மேல்மண்ணுக்கு ஒரு மீட்டர் கீழிருந்து எடுக்கவும். மேல்மண்ணில் இலைமக்கு அதிகம், அது ஒட்டும் இடங்களை ஏற்கெனவே அடைத்திருக்கும். உடைத்து, அரை மில்லிமீட்டருக்கும் ஒரு மில்லிமீட்டருக்கும் இடைப்பட்ட துகளைச் சலித்தெடுத்து, கழுவும் நீர் தெளிவாகும்வரை அலசி நிழலில் உலர்த்தவும். சுட வேண்டாம். 300 டிகிரி செல்சியஸ் வாக்கில் கோதைட் ஹெமடைட்டாக மாறும், அதுவரை பரப்பு கூடவும் செய்யும். ஆனால் விறகு அடுப்பில் அந்த இடத்தில் நிறுத்த முடியாது. 600-ஐத் தாண்டினால் துகள் இறுகிப் பரப்பு குறைந்துவிடும்.

50 மில்லிகிராம் டைக்ளோஃபெனாக் மாத்திரை ஒன்றைப் பொடித்து 5 லிட்டர் நீரில் கரைத்தால் லிட்டருக்கு 10 மில்லிகிராம். மாத்திரையின் வெளிப்பூச்சில் டைட்டானியம் டை ஆக்சைடு இருக்கும், அது நீங்கள் சோதிக்கும் விஷயத்தையே குழப்பும். எனவே பூச்சைச் சுரண்டிவிட்டுப் பொடித்து, 0.45 மைக்ரான் வடிதாளில் வடிக்கவும். பிறகு நான்கு கண்ணாடிக் குடுவை: வெயிலில் கல்லோடு, வெயிலில் கல்லில்லாமல், அலுமினியத் தாள் சுற்றிக் கல்லோடு, தாள் சுற்றிக் கல்லில்லாமல். கல் லிட்டருக்கு 20 கிராம். நான்கையும் ஒரே இடத்தில் வைத்து அரை மணிக்கொரு தரம் குலுக்கி, 0, 1, 2, 4 மணி நேரத்தில் மாதிரி எடுக்கவும். மருந்தியல் கல்லூரி ஆய்வகங்களில் உள்ள சாதாரண புற ஊதா நிறமாலைமானி போதும். டைக்ளோஃபெனாக்குக்கு 276 நானோமீட்டர், கார்பமசெபினுக்கு 285. எதில் எவ்வளவு குறைந்தது என்பதைவிட, தாள் சுற்றிய கல் குடுவையில் எவ்வளவு குறைந்தது என்பதே உங்களுக்கு வேண்டிய எண். இரண்டு கல் குடுவையும் ஒரே அளவு குறைந்திருந்தால் வெயில் எதுவும் செய்யவில்லை என்று பொருள்.

அதோடு நிறுத்தாமல், கல்லை வடித்தெடுத்து சோடியம் பாஸ்பேட் கரைசலில் ஓர் இரவு குலுக்கி, கரைந்து வரும் மருந்தையும் அளக்கவும். மருந்து படாத கல்லை அதே கரைசலில் குலுக்கி ஒப்பிட வேண்டும், ஏனென்றால் கல்லிலிருந்து கழன்றுவரும் இலைமக்கு அதே அலைநீளத்தில் ஒளியை விழுங்கும். மெத்திலீன் நீலச் சாயம் வெளுப்பதைக் காட்டி ‘கல் வேலை செய்கிறது’ என்பார்கள். அந்தச் சாயம் தானே ஒளி வாங்கித் தானே வெளுக்கக் கூடியது, மருந்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. இன்னொன்று, இந்தச் சோதனையின் மருந்து அளவு நிஜக் கழிவுநீரைவிடப் பல்லாயிரம் மடங்கு அதிகமாக இருக்கலாம். மைக்ரோகிராம் அளவை அளக்க நிறை நிறமாலைமானி உள்ள ஆய்வகம்தான் வேண்டும்.

மருந்தை உண்மையாகவே உடைக்க வேண்டுமென்றால் இரும்போடு ஹைட்ரஜன் பெராக்சைடும் வேண்டும். இரும்பு, பெராக்சைடு, வெயில் மூன்றும் சேரும்போது, எதிர்ப்படும் கரிமப் பொருளையெல்லாம் தாக்கி உடைக்கும் ஹைட்ராக்சில் ராடிகல் பிறக்கும். அது கார்பமசெபினைக்கூட விடாது. வெயிலின் பங்கு, செலவான இரும்பை மறுபடி வேலை செய்யும் நிலைக்குத் திருப்புவது. இது மிக நன்றாக நடப்பது பிஎச் 2.8-இல். அந்தப் புளிப்பில் கழிவுநீரை வைக்க முடியாது, எனவே இரும்பைச் சிட்ரிக் அமிலத்தோடு பிணைத்துக் கொடுப்பது வழி. செம்பூராங்கல்லிலிருந்து இரும்பு கரைந்து வருவது மிக மெதுவாக நடக்கும், அதன் மேல் ஊற்றும் பெராக்சைடில் பெரும்பகுதி ராடிகல் ஆகாமல் வெறும் ஆக்சிஜனாகப் போய்விடும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அன்னபேதி, அதாவது ஃபெரஸ் சல்பேட், இந்த வேலைக்குக் கல்லைவிடப் பலமடங்கு உதவும்.

ஒரு சதுர மீட்டர் தொட்டியில் 5 சென்டிமீட்டர் நீர் என்றால் 50 லிட்டர். அதற்குச் சிட்ரிக் அமிலம் 5 கிராம், அன்னபேதி 1.25 கிராம் (லிட்டருக்கு 5 மில்லிகிராம் இரும்பு), பெராக்சைடு லிட்டருக்கு 50 மில்லிகிராம் கணக்கில் 2.5 கிராம். மருந்துக் கடை பெராக்சைடு 6 சதவீதமாக இருந்தால் 42 மில்லி, 3 சதவீதமாக இருந்தால் 83 மில்லி. குப்பியைப் படித்துவிட்டு அளக்கவும். தொழிற்சாலைக்கு விற்கும் 50 சதவீதக் கரைசல் தோலை வெந்துபோகச் செய்யும், அது ஒரு இல்லத்தில் இருக்கக் கூடாது.

வரிசை முக்கியம். சிட்ரிக் அமிலத்தை ஒரு குவளை நீரில் கரைத்து, அதில் அன்னபேதியைப் போட்டுக் கரைந்தபின் தொட்டியில் ஊற்றிக் கலக்க வேண்டும். அன்னபேதியை நேரே தொட்டியில் போட்டால் சில நிமிடத்தில் ஆரஞ்சு நிறத் துருவாகப் படிந்துவிடும், அதன்பின் என்ன ஊற்றினாலும் வீண். பெராக்சைடு கடைசியில், மூன்று தடவையாகப் பிரித்து, மணிக்கு ஒன்றாக. மொத்தமாக ஊற்றினால் மிகுதியான பெராக்சைடே ராடிகலைத் தின்றுவிடும். கோத்தகிரியில் பல நாள் மதியத்துக்குமேல் மஞ்சு (மூடுபனி) இறங்கிவிடும் என்பதால் காலை 9 மணிக்குத் தொடங்கிவிட வேண்டும். ஒரு மணிக்கொரு தரம் துடைப்பத்தால் கிளறினால் போதும். மாலையில் பெராக்சைடு காட்டும் தாள்பட்டையில் சுழி காட்டியபின், சுண்ணாம்புக்கல் சல்லி வழியாகவும் மணல் வழியாகவும் விட வேண்டும். நம் ஊற்று நீர் மென்மையானது, அமிலத்தைத் தாங்கும் பைகார்பனேட் குறைவு. சிட்ரிக் அமிலம் போட்ட நீர் பிஎச் 4-க்கும் கீழே போக வாய்ப்புண்டு, அப்படியே ஓடையில் விட்டால் மருந்தைவிட அதுவே மீனைக் கொல்லும். ராடிகலுக்கு மட்டும் இந்த மென்மை நல்லது. சமவெளி போர்வெல் தண்ணீரில் பைகார்பனேட் ராடிகலை விழுங்கிவிடும்.

தொட்டிக்குள் போகும் நீர் எவ்வளவு சுத்தம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. வெள்ளை வாளியில் ஒரு சாண் நீர் ஊற்றி ரூபாய் நாணயத்தைப் போட்டால் அதிலுள்ள ஆண்டு படிக்க வர வேண்டும். நீர் தேநீர் நிறத்தில் இருந்தால் தொடங்கவே கூடாது. ராடிகலுக்கு மருந்தும் மலக்கழிவும் ஒன்றுதான், எது அதிகமோ அதில் செலவாகும். நீரிலுள்ள கழிவை எரிக்க எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்ற அளவே ரசாயன ஆக்சிஜன் தேவை; அதில் ஒரு கிராமை முழுதும் எரிக்க 2.125 கிராம் பெராக்சைடு வேண்டும். செப்டிக் டேங்கிலிருந்து நேரே வரும் நீரில் அது லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராம், எனவே பெராக்சைடுக்கே சொத்தை விற்க வேண்டி வரும். அதனால் இடையில் கல்வாழை நட்ட சரளைப் படுகை கட்டாயம்; 60 சென்டிமீட்டர் ஆழம், தலைக்கு 2 முதல் 3 சதுர மீட்டர், குளிரில் நுண்ணுயிர்கள் மெதுவாகத்தான் வேலை செய்யும் என்பதால் 3 என்றே வைத்துக்கொள்ளலாம். மெட்ஃபார்மின் பெரும்பாலும் இந்தப் படுகையிலேயே குவானைல்யூரியாவாக மாறிவிடும். மாறியபின் அது எளிதில் போகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தேயிலைத் தூள் கழிவைப் படுகையில் கொட்டாதீர்கள். அதன் டானின் இரும்போடு சேர்ந்து மை போலக் கறுத்து, ஒளியையும் ராடிகலையும் சேர்த்துத் தடுத்துவிடும்.

இனி இடக் கணக்கு. 20 பேர், தலைக்கு 80 லிட்டர், நாளைக்கு 1,600 லிட்டர். 5 சென்டிமீட்டர் ஆழத்தில் அதற்கு 32 சதுர மீட்டர் தொட்டி, அதுவும் நல்ல வெயில் நாளுக்கு. ஆழத்தைக் கூட்டி இடத்தை மிச்சப்படுத்தலாம் என்று தோன்றும். ஸ்பெயினில் அல்மேரியா சூரிய ஆய்வு மையத்தில் 15 சென்டிமீட்டர் வரை ஆழமான ஓட்டத் தொட்டிகளைப் பயன்படுத்தியிருக்கிறார்கள், ஆனால் அங்கே துடுப்புச் சக்கரம் நீரை ஓயாமல் சுழற்றும், வானமும் வேறு. கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதா சுமார் 10 சதவீதம் கூடும், கோத்தகிரி 1,800 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அந்த லாபத்தை மஞ்சு ஒரு மணி நேரத்தில் பறித்துவிடும். தொட்டபெட்டா மறைப்பதால் தென்மேற்குப் பருவமழை கோத்தகிரியில் கொஞ்சம் மட்டு, வடகிழக்கு மழையில் அக்டோபர் முதல் டிசம்பர்வரை வேலை பெரும்பாலும் நடக்காது. ஜனவரி முதல் மார்ச்வரை வானம் தெளிவு, குளிர்ந்த நீரில் வினை மெதுவாக நடந்தாலும் வெயில் ஈடுகட்டும். 5,000 லிட்டர் சேமிப்புத் தொட்டி ஒன்று இருந்தால் மூன்று நாள் மஞ்சைச் சமாளிக்கலாம்.

மழைக்குக் கூரை போடும்போது நடக்கும் தவறு ஒன்று உண்டு. பாலிகார்பனேட் ஷீட்டில் வெயிலில் மக்காமல் இருக்கப் புற ஊதா தடுப்புப் பூச்சு இருக்கிறது. பூ வளர்க்கும் பசுமைக்குடில் பாலித்தீனும் பெருமளவு அப்படித்தான். கீழே வெளிச்சம் பளிச்சென்று இருக்கும், நமக்கு வேண்டிய ஒளி மட்டும் இருக்காது. 4 மில்லிமீட்டர் சாதாரணக் கண்ணாடி பரவாயில்லை. திறந்தே விட்டு மழை வந்தால் தார்ப்பாய் இழுப்பது இன்னும் மலிவு. பெட் பாட்டிலில் ஊற்றி வெயிலில் வைக்கும் முறை கிருமிக்கு மட்டுமே, ஆறு மணி நேர வெயிலில் அது கிருமியைக் கொல்லும், கார்பமசெபின் அப்படியே இருக்கும். நீலகிரிக்குள் அந்தப் பாட்டிலுக்குத் தடையும் இருக்கிறது.

உடைந்த மருந்து என்னவாகிறது என்பதையும் பார்க்க வேண்டும். கார்பமசெபின் அரைகுறையாக உடைந்தால் அக்ரிடின் வரும், மூலமருந்தைவிட நச்சு கூடியது. டைக்ளோஃபெனாக்கின் முதல் உடைவும் பாசிக்கு ஆகாது. எனவே மருந்து காணாமல்போன உடனே நீரை விடாமல், இன்னும் அதே அளவு நேரம் வெயிலில் நிறுத்தி, கடைசியாக ஒரு கரிப் படுகை வழியாக விடுங்கள். கற்பூர மரமோ (யூகலிப்டஸ்) சீகை மரமோ (வாட்டில்) காற்றுப் புகாமல் சுட்ட கரியை நொறுக்கி, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் துகளாக 40 சென்டிமீட்டர் உயரம் போட்டால் கார்பமசெபினின் மிச்சத்தை அது பிடிக்கும். இடமே இல்லை, ஆளும் இல்லை என்றால் வெயில் தொட்டியை விட்டுவிட்டு, சரளைப் படுகையும் கரியும் மட்டும் கட்டிக் கரியை ஆண்டுக்கொரு முறை மாற்றுவது புத்திசாலித்தனம். பழைய கரியையும் செம்பூராங்கல்லையும் கீரைப் பாத்தியில் போட வேண்டாம். செங்கல் சூளையில் கரியை எரித்துவிடலாம்.

ஒரு பைசா செலவில்லாத வேலை ஒன்று ஜெல்லில் இருக்கிறது. வலிக்குத் தேய்க்கும் டைக்ளோஃபெனாக் ஜெல்லில் தோல் வழியாக உடம்புக்குள் போவது ஏறக்குறைய 6 சதவீதம். மீதி குளிக்கும்போதும் கை கழுவும்போதும் சாக்கடைக்குப் போகிறது. உள்ளே சாப்பிட்ட மாத்திரையைக் கல்லீரல் பெரும்பாலும் மாற்றிவிடுகிறது, ஜெல் மாறாமல் அப்படியே வருகிறது. தேய்த்துவிடுபவர் கையைக் கழுவும்முன் காகிதத்தில் துடைத்து அதைக் குப்பையில் போடட்டும். குளித்தபின் தேய்க்கட்டும், மறுநாள் குளிக்கும்முன் தேய்த்த இடத்தை ஈரத் துணியால் துடைத்துவிடட்டும். காலாவதியான மாத்திரைகளைக் கழிப்பறையில் கொட்டாமல், 2016 மருத்துவக் கழிவு விதிகளின்படி மஞ்சள் பையில் சேர்க்கும் மருத்துவமனையிடம் கொடுக்கலாம்.